மெட்டல் டிடெக்டரைப் புதிதாகக் கையில் எடுத்தவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மெட்டல் டிடெக்டர் வாங்கியதும் கால் வெளியே போகத்தான் துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். முதல் சில நாட்கள் வீட்டுக் கொல்லையைத் தாண்ட வேண்டாம். நீங்களே புதைத்து, நீங்களே தேடுங்கள்.

நான் புதைத்தவை ஒரு செம்பு நாணயம், வெள்ளி மோதிரம், துருவேறிய ஆணி, சோடா மூடி, கசக்கிச் சுருட்டிய அலுமினியத் தாள். ஒன்றுக்கொன்று நாலடி தள்ளி, சிலதை நாலு விரல் ஆழத்தில், சிலதை ஒரு சாண் ஆழத்தில் வைத்துப் பக்கத்தில் குச்சி நட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கருவியின் அடியில் இருக்கும் வட்டத் தட்டான காயிலை மேலே ஆட்டியபோதுதான் சத்தத்தில் உள்ள வித்தியாசம் காதில் ஏறியது. நாணயத்துக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஒரே சத்தம், சுத்தமாக. ஆணி ஒரு திசையில் நல்ல பிள்ளை மாதிரி ஒலிக்கும். 90 டிகிரி சுற்றி வந்து நின்று ஆட்டினால் கரகரவென்று உடைந்துவிடும். சோடா மூடி இரும்புதான், ஆனால் தட்டையாக வட்டமாக இருப்பதால் எந்தத் திசையிலும் நன்றாகவே ஒலிக்கும். சத்தம் முடியும் இடத்தில் லேசாக ஒரு பிசிறு வரும், அதுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். எத்தனை வீடியோ பார்த்தாலும் அந்தப் பிசிறு பிடிபடாது. சொந்தக் காதால் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

கருவி உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். காயிலில் ஓடும் மாறுதிசை மின்சாரம் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும்பி, அது தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். காயிலில் உள்ள இன்னொரு சுற்று அதைப் பிடித்து, எவ்வளவு பின்தங்கி வந்தது என்பதை வைத்துத் திரையில் ஓர் எண்ணைக் காட்டும். புதியவர்கள் வாங்குகிற கருவிகள் பெரும்பாலும் வி.எல்.எஃப். (மிகத் தாழ்ந்த அலைவரிசை) வகை, சில கிலோஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் வேலை செய்பவை. திரையில் தெரிகிற எண் பொருளின் பெயரைச் சொல்வதில்லை. உலோகம் எவ்வளவு நன்றாக மின்சாரம் கடத்துகிறது, எவ்வளவு பெரிது, என்ன வடிவம் என்பதெல்லாம் கலந்த கணக்கு அது. அதனால்தான் மெல்லிய தங்க மோதிரமும் அலுமினியத் தாளும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. குப்பை வேண்டாம் என்று டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத எண்களுக்குச் சத்தம் வராமல் தடுக்கும் அமைப்பை) ஏற்றிவைத்தால் தங்கமும் சேர்ந்தே ஊமையாகிவிடும். ஆரம்பத்தில் கேட்கிற எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்துவிடுவதே மேல். குப்பையைத் தோண்டத் தோண்டத்தான் காது பழகும்.

எனக்கு மறக்க முடியாத சந்திப்பு என்றால், உழுது போட்டிருந்த ஒரு வயலின் சொந்தக்காரப் பெரியவரைத்தான் சொல்வேன். அனுமதி கேட்கப் போனவனிடம் என்ன தேடுகிறாய், கிடைத்தால் யாருக்கு, குழியை மூடுவாயா என்று மூன்று கேள்வி கேட்டார். பதில் திருப்தியாக இருந்ததும் தானே கூட நடந்து வந்து, "இந்த மூலையில ஒரு காலத்துல வீடு இருந்தது, எங்க தாத்தா சொல்வார்" என்று காட்டினார். எந்த வரைபடத்திலும் இல்லாத தகவல். அங்கே சுத்தமான ஒரு சிக்னல் வந்தது. காயிலைக் குறுக்கும் நெடுக்கும் ஆட்டி, சத்தம் உச்சத்துக்குப் போகிற இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் மண்வெட்டியை வைத்தேன். வந்தது ஒரு செம்புப் பொத்தான். பின்பக்கம் சின்னக் காது, அந்தக் காதுக்குள் கருத்துப்போன நூல் இழை ஒன்று. செம்பிலிருந்து கசியும் உப்பு நுண்ணுயிர்களை அண்டவிடாது, அதனால் ஒட்டியிருக்கும் நூல் சில சமயம் மக்காமல் தப்பிவிடும். பெரியவர் அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

நீங்களும் சொல்லுங்கள்.

* * *

அண்ணா, அந்த அலுமினியத் தாள் விஷயத்தைப் படித்ததும் நானும் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. நான் இதில் இறங்கியதே தோழியின் கல்யாண மோதிரத்துக்காகத்தான். கடற்கரையில் கையில் ஒட்டிய மணலைத் தட்டும்போது கழன்று விழுந்துவிட்டது.

அவளை முதலில் அழுகையை நிறுத்தச் சொல்லி, எங்கே உட்கார்ந்தாய், எந்தப் பக்கம் திரும்பித் தட்டினாய் என்று அதே மாதிரி செய்துகாட்டச் சொன்னேன். தொலைந்த பொருளைத் தேடுவதில் கருவியைவிட இந்த விசாரணைதான் முக்கியம். அவள் காட்டிய இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொண்டோம். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். காயில் தரையை ஒட்டி, சமமாகப் போக வேண்டும். பலர் ஓரத்துக்கு வரும்போது கையைத் தூக்கிவிடுவார்கள், அங்கேதான் பொருள் தவறிப்போகும்.

நல்ல வேளையாக அது காய்ந்த மணல். உப்புத்தண்ணீர் ஏறிய ஈர மணல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் ஒற்றை அலைவரிசை வி.எல்.எஃப். கருவி அங்கே சும்மாவே கத்திக்கொண்டிருக்கும். சென்சிடிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனைக் குறைத்தால் ஓரளவு அடங்கும். ஈர மணலிலேயே அடிக்கடி தேடுபவர்கள், காந்தப்புலத்தை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பும் பல்ஸ் இண்டக்‌ஷன் அல்லது பல அலைவரிசைக் கருவிக்குப் போய்விடுகிறார்கள்.

மூடி, தாள், டப்பா திறக்கும் வளையம் என்று ஒரு பை நிறைந்தது. ஒரு சிக்னல் தாளின் எண்ணிலேயே, தாளின் சத்தத்திலேயே வந்தது. ஓட்டை போட்ட மணல் அள்ளியில் எடுத்துச் சலித்தேன். மணலெல்லாம் ஓட்டை வழியாக இறங்கிய பிறகு அடியில் மோதிரம் படுத்திருந்தது. அவள் வாங்கிப் போட்டுக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தவள் விடவே இல்லை.

இன்னொன்று, தேடும்போது உங்கள் மேல் உள்ள உலோகத்தையும் கவனியுங்கள். இரும்பு வைத்த ஷூ, வளையல், சட்டைப் பையில் மொபைல் எல்லாமே தொல்லை. 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடம்பில் தங்கிய துப்பாக்கிக் குண்டைக் கண்டுபிடிக்க அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு கருவி செய்து கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை. அதிபர் படுத்திருந்த மெத்தையில் இருந்த எஃகு ஸ்பிரிங்குகள் கருவியைக் குழப்பியது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

* * *

தம்பியும் தங்கையும் நல்லதாகவே எழுதிவிட்டீர்கள். நான் ஆபத்தான பக்கத்தைச் சொல்கிறேன். யாரையும் பயமுறுத்த இல்லை.

பழைய ராணுவப் பயிற்சி மைதானத்தை ஒட்டிய தனியார் நிலம், முறையான அனுமதியோடுதான் போயிருந்தேன். செம்புக்கு உண்டான எண், சத்தமும் அருமை. ஒரு சாண் தோண்டியதும் துருப்பிடித்த இரும்பின் வளைவு தெரிந்தது, அதைச் சுற்றிப் பச்சை பூத்த ஒரு பட்டை. பீரங்கிக் குண்டுகளில் அப்படிச் செம்புப் பட்டை இருக்கும், குழலுக்குள் சுழன்று வருவதற்காக. கருவி அந்தப் பட்டையைத்தான் நாணயம் மாதிரி சொல்லியிருக்கிறது. மண்வெட்டியை அங்கேயே மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி, நிலத்துக்காரரையும் தூரப் போகச் சொல்லிவிட்டுப் போலீசைக் கூப்பிட்டேன். நிபுணர்கள் வந்து எடுத்துப் போனார்கள். எவ்வளவு பழையதானாலும் தொடாதீர்கள், தட்டாதீர்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்க்காதீர்கள். இரும்பு துருப்பிடிக்கும், உள்ளே இருக்கும் வெடிமருந்து வீரியம் இழக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நம் பொழுதுபோக்குக் கருவியின் முன்னோர்களில் ஒன்று கண்ணிவெடி தேடத்தான் பிறந்தது. போலந்துப் பொறியாளர் கொசாட்ஸ்கி வடிவமைத்ததை இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் எகிப்தின் எல் அலமெய்ன் போரில் பயன்படுத்தினார்கள்.

தோண்டுவதை நிறுத்தத் தெரிவது புதையல் விஷயத்திலும் முக்கியம். 1992இல் இங்கிலாந்தின் ஹொக்ஸ்னில் எரிக் லாஸ் என்பவர் நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போய் ரோமானியக் காசுகளைக் கண்டார். கொஞ்சம் எடுத்ததுமே நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து தோண்டியதால் ஏறக்குறைய 15,000 நாணயங்களும் தங்க நகைகளும் வெள்ளிக் கரண்டிகளும் பெட்டிக்குள் எப்படி அடுக்கியிருந்தார்கள் என்பது வரை தெரிந்தது. அந்தச் சுத்தியலும் கிடைத்தது, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அவர் ஆசையில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டிருந்தால் அந்த அடுக்கு யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி புதையல் என்று கருதத்தக்கதை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிப்பது கடமை. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களின் பக்கம் கருவியோடு போகவே போகாதீர்கள்.

* * *

கழுவுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கிடைத்த நாணயத்தை அங்கேயே விரலால் தேய்க்கிற பழக்கத்தை விடுங்கள். ஒட்டியிருக்கும் மணல் துகள் முகத்தையும் எழுத்தையும் கீறிவிடும். பஞ்சில் சுற்றிச் சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து, சுத்தமான தண்ணீரில் ஊறவைத்தால் மண் தானாக இளகும். வினிகர், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். செம்பின் மேல் உள்ள பச்சைப் படலத்தில்தான் பல நேரம் எழுத்து தங்கியிருக்கிறது. எடுத்த இடம், ஆழம், தேதி மூன்றையும் துண்டுச் சீட்டில் எழுதி அதே டப்பாவில் போட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தால் எது எங்கே கிடைத்தது என்பது கலந்துபோகும்.