காலநிலை – அரசியல் நிலைத்தன்மை: பிஎச்.டி.க்கு எந்த ஃபெல்லோஷிப்?

வேளச்சேரி_வாசகி:
எம்.ஏ. அரசியல் அறிவியல் முடிச்சாச்சு. "தெற்காசியாவில் காலநிலை மாற்றமும் அரசியல் நிலைத்தன்மையும்"னு பிஎச்.டி. பண்ண ஆசை. சென்னையிலதான் இருக்கணும், நடுவுல சில மாசம் வெளிநாடு போக வழி இருந்தா நல்லது. எதுக்கு முதல்ல விண்ணப்பிக்கலாம்?

அடையாறு_ஆலமரம்:
முதல்ல யு.ஜி.சி. நெட் தேர்வு, மத்ததெல்லாம் அப்புறம்தான். ஜூன், டிசம்பர்னு வருஷத்துக்கு 2 தடவை வரும். அதுல ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைச்சா முதல் 2 வருஷம் மாசம் 37,000 ரூபாய். பிறகு மதிப்பீட்டுக் குழு சரின்னா எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை உதவித்தொகை) 42,000. வீட்டு வாடகைப்படி தனி. வயசு வரம்பு 30, பெண்களுக்கு 5 வருஷம் தளர்வு. ஜே.ஆர்.எஃப். கடிதம் 3 வருஷம் செல்லும். 'பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்'னு தகுதி வந்தா அந்த மார்க் ஒரே வருஷத்துல காலாவதி. நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான்: மார்க் கையில இருக்கும், கைடுகிட்ட (ஆய்வு வழிகாட்டி) இடம் இருக்காது. பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேருக்கு மேல ஒரே நேரத்துல எடுக்க முடியாது. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே காலியிடம் விசாரிச்சு வைங்க.

வெளிநாட்டுக்கு, அமெரிக்கா போக ஃபுல்பிரைட்-நேரு டாக்டரல் ஃபெல்லோஷிப் பொருந்தும், 6 முதல் 9 மாசம். இந்தியாவுல பிஎச்.டி.க்குப் பதிவு பண்ணினவங்களுக்குத்தான், அதனால இப்ப அதைத் தொட வேண்டாம்.

மேட்டூர்_மட்டம்:
பணம் இருக்கட்டும், இந்தத் தலைப்போட போனா நேர்காணல்ல முதல் கேள்வியிலயே மாட்டிப்பீங்க. நிலைத்தன்மைன்னு எதை அளக்கப் போறீங்க? ஆட்சிக் கவிழ்ப்பா, கலவரமா, சாலை மறியலா? வெப்பம் கூடினா ஆப்பிரிக்காவுல உள்நாட்டுப் போர் கூடும்னு 2009-ல மார்ஷல் பர்க்கும் கூட இருந்த ஆய்வாளர்களும் எழுதினாங்க. அடுத்த வருஷமே ஹால்வர்ட் பூஹாக்னு இன்னொரு ஆய்வாளர் அது நிக்காதுன்னு மறுத்தார். இவங்க வாதத்துல பாதி, எதைப் போர்னு எண்ணுறோம்ங்கிறதுதான்.

தரவு விஷயத்துல இதே சிக்கல் வேற உருவத்துல வரும். ஸ்வீடனோட உப்சாலா பல்கலைக்கழகம் தொகுக்குற மோதல் தரவுல வருஷத்துக்கு 25 சாவைத் தாண்டின மோதல்தான் ஏறும். 2016 பெங்களூரு காவிரிக் கலவரம் அதுல அகப்படாது. போராட்டம், மறியல் எல்லாம் வேணும்னா ஏக்லெட் (ACLED)னு இன்னொரு தரவுத்தளம். ஆனா இந்தியாவுக்கு அது 2016-லதான் தொடங்குது. 1991 காவிரிக் கலவரத்துக்குப் பழைய பேப்பரைப் புரட்டித்தான் ஆகணும்.

வேளச்சேரி_வாசகி:
அப்போ காவிரி டெல்டாவோட நிறுத்திக்கலாமா? மாவட்ட வாரியா மழையையும் போராட்டத்தையும் பொருத்திப் பார்த்தா போதுமா?

மேட்டூர்_மட்டம்:
டெல்டா சரி, பொருத்துற விதம் தப்பு. குறுவை நெல்லுக்குத் தஞ்சாவூர் மழையைவிட முக்கியம் குடகுல பெய்யுற தென்மேற்குப் பருவமழை, அந்தத் தண்ணிதான் மேட்டூர் அணைக்கு வருது. மேட்டூர் ஜூன் 12-ல திறந்துச்சா, எவ்வளவு நாள் தள்ளிப்போச்சுங்கிறது உள்ளூர் மழையைவிட நல்ல மாறி (variable). மழைக்கு வானிலைத் துறையோட 0.25 டிகிரி கட்டம் கட்டமா பிரிச்ச தரவு 1901-லேர்ந்து இருக்கு, அதுல நீர்ப்பிடிப்புப் பகுதியை மட்டும் வெட்டி எடுங்க. சம்பாவுக்கு வடகிழக்குப் பருவமழை உள்ளூர்லயே பெய்யும், அதைத் தனியா வைங்க. ரெண்டையும் கூட்டி வருஷ மழைன்னு போட்டா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். இன்னொண்ணு, 2020-ல நாகப்பட்டினத்துலேர்ந்து மயிலாடுதுறை பிரிஞ்சது. எல்லா வருஷத்தையும் பிரியறதுக்கு முந்தின 2011 மாவட்ட எல்லைக்கு மாத்தலைன்னா நாகையில திடீர்னு போராட்டம் குறைஞ்ச மாதிரி தெரியும்.

அடையாறு_ஆலமரம்:
கூடவே போராட்டம் நடக்காத வறட்சி வருஷங்களையும் சேருங்க. கலவரம் நடந்த இடத்தை மட்டும் பொறுக்கி ஆராயுறாங்கன்னு இந்தத் துறை மேலயே 2018-லேர்ந்து குற்றச்சாட்டு இருக்கு, நேர்காணல் குழுவுல கண்டிப்பா கேப்பாங்க. கைடுக்கு முதல் மெயில்ல ஒரு பக்கம் போதும்: கேள்வி, எந்த வருஷங்கள், எந்தத் தரவு. முழு ப்ரொபோசல் அவங்க கேட்டப்புறம் அனுப்பிக்கலாம்.