முதல் டிரெயில் ரைடு போட்டிக்கு முன்: நேரக் கணக்கு, நாடித்துடிப்பு, தண்ணீர்

கேள்வி – செம்புரவி

அனைவருக்கும் வணக்கம். என்.ஏ.டி.ஆர்.சி. (வட அமெரிக்க டிரெயில் ரைடு அமைப்பு) விதிகளின்படி நடக்கும் இரண்டு நாள் டிரெயில் ரைடு (காட்டுப்பாதைக் குதிரைச் சவாரி) போட்டி ஒன்றில், புதியவர்களுக்கான நோவிஸ் பிரிவில், முதன்முறையாகப் பங்கேற்கப் பெயர் கொடுக்க எண்ணியிருக்கிறேன். என்னுடையது ஒன்பது வயதுப் பெண்குதிரை, அரேபியக் கலப்பினம். கால்களில் குறை எதுவும் இல்லை. மேடுபள்ளமான காட்டுப்பாதைகளில் நீண்ட நேரம் நடந்து பழகியிருக்கிறாள்.

மூன்று விஷயங்களில் உங்கள் ஆலோசனை தேவைப்படுகிறது. குறிக்கப்பட்ட நேரத்துக்கு முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் புள்ளி குறையும் என்று விதி இருக்கும்போது, வழியில் வேகத்தை எப்படிக் கணக்கிட்டுக்கொள்வது? அடுத்ததாக, நீண்ட ஏற்றம் ஒன்றை டிராட் நடையில் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட சிறு ஓட்டம்) ஏறி நின்று பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் இவளுடைய நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 அளவில் இருக்கிறது, இது போதுமா? மூன்றாவது கவலைதான் பெரியது. வேறு குதிரை முந்திச் சென்றால் இவள் பதற்றமடைகிறாள். கடிவாளத்தை இழுத்துக்கொண்டு பின்தொடரப் பார்க்கிறாள். பல குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும் காலை நேரத்தில் இவளை எப்படிச் சமாளிப்பது?

மறுமொழி – மலைத்தடம்

வணக்கம். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது: போட்டி நாளில் குதிரை எவ்வளவு வேகமாகப் போகவேண்டும் என்பதை நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்து, அந்த முடிவைக் குதிரையும் ஏற்கும்படி பழக்கியிருக்க வேண்டும்.

1955-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய டெவிஸ் கோப்பை போன்ற எண்டூரன்ஸ் (நெடுந்தொலைவுக் குதிரையோட்ட) போட்டிகளில் 100 மைல் தொலைவை 24 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். உடல்தகுதியோடு முதலில் வந்து சேரும் குதிரைக்கு வெற்றி. 1961-இல் உருவான என்.ஏ.டி.ஆர்.சி. வேறு அளவுகோலை வைத்தது. எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே தொலைவைக் கடந்து வரவேண்டும். அப்படி வந்தபின் எந்தக் குதிரை களைப்பின்றி, காலில் வலியின்றி, ஒழுங்கு குலையாமல் நிற்கிறது என்பதைக் கால்நடை மருத்துவ நடுவர் பார்க்கிறார். சவாரி செய்பவரின் திறமையை மற்றொரு நடுவர் தனியாக மதிப்பிடுகிறார்.

நோவிஸ் பிரிவில் இரண்டு நாட்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 30 முதல் 40 மைல் இருக்கும். சராசரி வேகம் மணிக்கு மூன்றரை முதல் ஐந்து மைல். ஒரு நாளைக்கு 18 மைல், சராசரி நான்கரை மைல் என்று வைத்துக்கொண்டால் சேணத்தில் நான்கு மணி நேரம். நல்ல நடையுள்ள குதிரை சமதளத்தில் மணிக்கு நான்கு மைல் நடக்கும். ஏற்றத்திலும் கல் நிறைந்த இறக்கத்திலும் அது மூன்றுக்குக் கீழே போய்விடும். அந்தக் குறையை ஈடுசெய்ய, எங்கே டிராட் நடையில் போவது என்பதுதான் உங்கள் முன்னுள்ள கேள்வி. தரை உறுதியாகவும் சமமாகவும் இருக்கும் இடங்களில், குறிப்பாகக் காலையின் குளிர்ச்சியில், மிதமான டிராட் நடையில் நேரத்தைச் சேர்த்துவைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் சேர்த்தால் பிற்பகலில் நிதானமாக வரலாம். பலர் இதற்கு நேர்மாறாகக் காலையில் சோம்பி நடந்துவிட்டு, கடைசி மைல்களில் கடிகாரத்தைப் பார்த்துக் குதிரையை விரட்டுகிறார்கள்; வெயில் ஏறிய வேளையில், களைத்த தசைநார்களோடு விரட்டப்படும் குதிரைதான் மறுநாள் காலை நொண்டி நிற்கிறது.

முதல்நாள் இரவுக் கூட்டத்தில் வரைபடமும் நேரக் குறிப்புகளும் தருவார்கள். வழியிலுள்ள ஒவ்வொரு முக்கியப் புள்ளிக்கும் எத்தனை மணிக்குச் சேரவேண்டும் என்று சிறு தாளில் எழுதிக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் கருவியை மட்டும் நம்ப வேண்டாம். அடர்ந்த மரங்களுக்கும் பள்ளத்தாக்குகளுக்கும் நடுவே அது காட்டும் தொலைவும் வரைபடத்தின் தொலைவும் ஒத்துப்போகாது.

எண்டூரன்ஸ் பழக்கத்தோடு வருபவர்களுக்குத் தெரியாத ஒரு விதியையும் சொல்லிவிடுகிறேன். அங்கே சேணத்திலிருந்து இறங்கிக் குதிரையோடு சேர்ந்து ஓடலாம். இங்கே பாதையில் முன்னேறும்போது நீங்கள் குதிரையின் மேல் இருக்கவேண்டும். இறங்கி நிற்கலாம், இளைப்பாறலாம். ஆனால் நடந்து முன்னேறக் கூடாது. எனவே செங்குத்தான இறக்கத்தில் அதன் முதுகுக்கு இடைஞ்சல் இல்லாமல் அமரக் கற்றுக்கொள்வது உங்கள் பொறுப்பு. ஏற்றத்தில் சற்று முன்சாய்ந்து, கடிவாளத்தில் தொங்காமல் பிடரிமயிரைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிராட் நடையில் எழுந்தமரும்போது, எந்த முன்னங்காலோடு எழுகிறீர்களோ அந்தக் காலை அவ்வப்போது மாற்றுங்கள். பல மைல் தூரம் ஒரே பக்கமாக எழுந்தமர்ந்தால் குதிரையின் முதுகுத் தசை ஒருபக்கம் இறுகிவிடும், மாலையில் நடுவர் விரலால் அழுத்தும்போது அது தெரிந்துவிடும்.

மறுமொழி – துடிப்பறிவோன்

பல ரைடுகளில் நாடித்துடிப்பும் மூச்சும் எண்ணும் தன்னார்வலராக நான் நின்றிருக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். சோதனை இடத்துக்கு நீங்கள் வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, பத்து நிமிடம் கழித்து நாங்கள் 15 நொடிகள் எண்ணுகிறோம். அந்த எண்ணிக்கை 12 அல்லது அதற்குக் கீழே, அதாவது நிமிடத்துக்கு 48-க்குள் இருந்தால் குதிரை நன்றாகத் தேறியிருக்கிறது என்று பொருள். உங்கள் 60 ஆபத்தான எண் அன்று. ஆனால் போட்டிக்கு அது போதாது. ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு ஒலிகள் கேட்கும், இரண்டும் சேர்ந்துதான் ஒன்று. புதிதாக எண்ணுபவர்கள் சில துடிப்புகளை இரண்டாக எண்ணிவிடுகிறார்கள்.

எண்ணிக்கை சரியாகவே இருந்தால், அது ஏன் இறங்கவில்லை என்று பார்க்க வேண்டும். உடற்பயிற்சிக் குறைவு ஒரு காரணம், வெப்பம் மற்றொன்று, பதற்றம் மூன்றாவது. மூன்றையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. பத்து நிமிடத்துக்குப் பதிலாக இரண்டு, ஐந்து, பத்து என மூன்று முறை எண்ணுங்கள். சீராக, மெதுவாக இறங்கினால் பயிற்சி போதவில்லை. விரைவில் இறங்கி, பக்கத்தில் குதிரை ஒன்று கடந்ததும் திடீரென ஏறினால் அது மனப்பதற்றம். ஓரளவு இறங்கி அங்கேயே நின்றுவிட்டு, மூச்சு மட்டும் வேகமாக ஓடினால் உடல் சூடு இன்னும் வெளியேறவில்லை. மூச்சின் எண்ணிக்கை நாடித்துடிப்பை மிஞ்சும் நிலையை எங்கு கண்டாலும், நிழலில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுங்கள்.

குதிரையின் தசைகள் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகிறது. உடல் பெரியது, அந்த எடையோடு ஒப்பிட்டால் வெப்பத்தை வெளியேற்றும் தோலின் பரப்பு குறைவு. எனவே கழுத்தின் அடிப்பகுதி, மார்பு, கால்களின் உட்பக்கம் ஆகிய இடங்களில் ஸ்பாஞ்சால் இடைவிடாமல் தண்ணீரைப் பிழிந்துகொண்டே இருக்க வேண்டும். வந்து நின்றவுடன் வயிற்றுப்பட்டையைத் தளர்த்துங்கள், தலையைத் தாழ்த்த விடுங்கள், நீங்களும் அமைதியாக நில்லுங்கள். அந்தப் பத்து நிமிடமும் உரிமையாளர் பரபரப்பாகச் சுற்றிவந்தால் குதிரையின் இதயமும் அடங்குவதில்லை. இதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் வலுப்பெற்றுவிடும். தசைநார், மூட்டு இழை, எலும்பு, குளம்பு ஆகியவை வலுப்பெற மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் ஆகும். நாடித்துடிப்பு இறங்கிவிட்டது என்பதற்காக உடனே தொலைவையும் வேகத்தையும் ஒருசேரக் கூட்டிவிடாதீர்கள். ஒரு வாரம் தொலைவைக் கூட்டினால் வேகத்தைத் தொடாதீர்கள்.

செம்புரவி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி மூன்று முறை எண்ணிப் பார்த்தேன். முதல் ஐந்து நிமிடத்தில் 52 வரை இறங்கியது, மற்றொரு குதிரை வேலியோரம் கடந்ததும் மீண்டும் 60-ஐத் தாண்டியது. எனவே இது பதற்றம்தான் என்று தோன்றுகிறது. தோழி ஒருத்தியும் அதே போட்டிக்கு வருகிறாள். இரண்டு குதிரைகளும் ஒரே தொழுவத்தில் இருப்பவை. இருவரும் சேர்ந்தே போனால் பதற்றம் குறையாதா? மேலும், வெளியிடங்களில் இவள் முதல் இரண்டு மணி நேரம் தண்ணீரே குடிப்பதில்லை. எலக்ட்ரோலைட் பசையை (வியர்வையில் இழக்கும் உப்புகளின் கலவை) வாயில் செலுத்திவிட்டால் தாகம் எடுக்கும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

மறுமொழி – நீரோடை

செய்யாதீர்கள். குடிக்காத குதிரைக்கு உப்பைக் கொடுப்பதில் ஆபத்து இருக்கிறது. உப்பு மிகுந்த கலவை குடலுக்குள் போனால், அதைக் கரைக்க உடல் தன் திரவத்தையே குடலுக்குள் இழுக்கும். ஏற்கெனவே வியர்த்து நீர் குறைந்திருக்கும் குதிரை அதனால் மேலும் வறளும். குதிரையின் வியர்வையில் சோடியமும் பொட்டாசியமும் குளோரைடும் மனித வியர்வையில் இருப்பதைவிட அதிகம். வெப்பமான நாளில் மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்வையாக இழக்கக்கூடும். ஆகவே எலக்ட்ரோலைட் தேவைப்படும் பொருள்தான். ஆனால் குதிரை நன்றாகக் குடித்தபின், சிறு அளவில், பலமுறை பிரித்துக் கொடுக்க வேண்டும். இதையும் வீட்டில் பழக்கிப் பார்த்தபிறகே போட்டிக்குக் கொண்டுபோக வேண்டும்.

தண்ணீர் குடிக்கப் பழக்குவது தனிப் பயிற்சி. நீரோடை, குட்டை, தொட்டி என எங்கு நீரைக் கண்டாலும் நின்று, கடிவாளத்தைத் தளர்த்தி, அது குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ஒன்றிரண்டு நிமிடம் காத்திருங்கள். தண்ணீரைத் தாண்டி அவசரமாகப் போவதே வழக்கமாகிவிட்ட குதிரை, தாகம் எடுத்த நாளிலும் அப்படியே போய்விடும். வேறொரு குதிரை குடித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் குதிரையை அகற்றிவிடாதீர்கள். ஒன்று குடிப்பதைப் பார்த்து மற்றொன்று குடிப்பது உண்டு. சூடாக வந்த குதிரைக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிற்றுவலி வரும் என்ற பழைய அச்சத்தை விட்டுவிடுங்கள். வழியில் வியர்த்து வந்த குதிரையைக் குடிக்கவிடாமல் தடுப்பதுதான் கெடுதல். புல் கண்ட இடத்தில் நாலு வாய் மேய விடுவதும் நல்லது. உள்ளே போகும் ஈரமான புல் குடலை இயங்கவைக்கும். மருத்துவ நடுவர் வயிற்றின் நான்கு பகுதிகளிலும் குடல் ஒலியைக் கேட்பதற்குக் காரணமும் அதுதான். ஈறை விரலால் அழுத்திவிட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்புகிறதா, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிகிறதா என்பதை நீங்களே வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

தோழியோடு சேர்ந்து போகும் திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே தொழுவத்துக் குதிரைகள் நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டே போனால், வழியில் நடுவர்கள் வைக்கும் தடைச் சோதனையில் ஒன்றை நிறுத்தி மற்றொன்றை அனுப்பும் நொடியில் இரண்டும் கனைக்கத் தொடங்கும். நாடித்துடிப்பு ஏறும், ஒழுங்குக்கான புள்ளியும் போகும். இப்போதிருந்தே இருவரும் பயிற்சியில் மாறி மாறி முன்னும் பின்னும் செல்லுங்கள். ஒருவர் நின்றுகொண்டு மற்றவரைப் பார்வையிலிருந்து மறையும்வரை போகவிடுங்கள். உங்கள் குதிரை ஒரு மூச்சு அமைதியாக நின்றதும் கிளம்புங்கள். போட்டிக் காலையில் கூட்டமாகப் புறப்படுபவர்களைப் போகவிட்டு, பெரிய இடைவெளி விழும் நேரத்தில் தனியாகக் கிளம்புவதே உங்கள் குதிரைக்கு ஏற்றது. மேலும், அது உதைக்கக்கூடியது என்ற ஐயம் சிறிதளவேனும் இருந்தால் வாலில் சிவப்பு நாடாவைக் கட்டிவிடுங்கள். பின்னால் வருபவர்கள் தள்ளியே வருவார்கள்.

மறுமொழி – மலைத்தடம்

நீரோடை சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். தடைகளைப் பற்றிச் சிறிது சேர்க்கிறேன். பெரும்பாலும் அவை பாதையில் இயல்பாக வரக்கூடியவைதான்: விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்டுதல், இரண்டு மரங்களுக்கு நடுவே பின்வாங்குதல், சரிவின் மேற்பக்கமாக நின்று குதிரைமேல் ஏறுதல், வாயிலைத் திறந்து மூடுதல். நீங்கள் ஏறும்போது குதிரை அசையாமல் நிற்கிறதா என்பதை ஏறத்தாழ எல்லா ரைடுகளிலும் பார்ப்பார்கள். வலப்பக்கத்திலிருந்து ஏறவும் பழக்கிவையுங்கள். குதிரை ஒரு தடையைக் கண்டு மிரண்டால், கட்டாயப்படுத்துவதைவிட நடுவரிடம் சொல்லிவிட்டு விலகிப் போவது மேல். சில புள்ளிகள் போகும். குதிரையின் நம்பிக்கை போகாது.

முடிவுக்கு இரண்டு மைல் முன்னால் உள்ள குறியைத் தாண்டியபின் நின்று நேரத்தைக் கழிக்க முடியாது. தொடர்ந்து முன்னேறியே வரவேண்டும். எனவே மிச்சமுள்ள நேரத்தைக் குறிக்கு முன்னாலேயே, நிழலிலோ நீர்நிலையிலோ செலவிட்டுவிடுங்கள்.

இரவு முகாமில் டிரெய்லர் ஓரம் கட்டும்போது கயிற்றின் நீளத்தைக் கவனியுங்கள். உலர்புல்லும் தண்ணீரும் வாய்க்கு எட்டவேண்டும். கால் கயிற்றுக்குள் நுழையக் கூடாது. நடுவர்கள் இதையும் பார்ப்பார்கள். படுக்கப் போகுமுன் கொஞ்ச தூரம் கையில் பிடித்து நடத்திவாருங்கள். இரவெல்லாம் ஒரே இடத்தில் நிற்கும் கால்கள் அதிகாலையில் விறைத்திருக்கும்.

கடைசியாக, இறுதிப் பரிசோதனையில் மருத்துவ நடுவரின் முன் குதிரையைக் கையில் பிடித்தபடி டிராட் நடையில் ஓட்டிக் காட்டவேண்டும். கயிற்றை இறுகப் பிடித்துத் தலையை இழுத்தால், நன்றாக நடக்கும் குதிரையும் நொண்டுவதுபோல் தெரியும். கயிறு தளர்ந்திருக்க, உங்கள் தோளோடு தோளாக அது தானே ஓடிவர, இன்றிலிருந்தே தினமும் சவாரி முடிந்ததும் நேர்கோட்டில் போய்த் திரும்பிப் பழக்குங்கள்.