ஜிஹெச்சில் கேஸ் ஷீட் நகல் வாங்குவது எப்படி?

வைகைக்கரை:
அப்பாவுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குடல் ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது. கையில் இருப்பது ஒரு பக்க சம்மரி மட்டும். இரண்டாவது கருத்துச் சொல்லும் டாக்டர் ஆபரேஷன் நோட்ஸும் பயாப்ஸி ரிசல்ட்டும் கேட்கிறார். வார்டில் கேட்டால், "இலவசமாத்தானே பாத்தோம், பேப்பர் எல்லாம் வெளிய தர மாட்டோம்" என்கிறார்கள். சட்டப்படி வழி உண்டா?

ரெக்கார்ட்ரூம்:
உண்டு சார். வார்டில் கேட்டுப் பயனில்லை, டிஸ்சார்ஜ் ஆனதும் கேஸ் ஷீட் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்குப் போய்விடும். மனுவை டீனுக்கு எழுதுங்கள். ஐபி எண் (உள்நோயாளி எண்), சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, யூனிட் நான்கும் இருக்கட்டும். ஓபி (புறநோயாளி) சீட்டு எண்ணை ஐபி எண் என்று எழுதிவிட்டு, "ரெக்கார்டு இல்லை" என்று பதில் வாங்குகிறவர்கள் நிறைய.

வெறுமனே "கேஸ் ஷீட்" என்று எழுதினால் அதே சம்மரியை நகலெடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆபரேஷன் நோட்ஸ், மயக்க மருந்துக் குறிப்பு, நர்ஸ் சார்ட், லேப் ரிசல்ட், ஒப்புதல் படிவம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்து அப்பாவுடையது. நீங்கள் போய் வாங்குவதாக இருந்தால் அவர் தரும் அதிகாரக் கடிதமும் இருவர் அடையாள அட்டை நகலும் வேண்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தபால் பிரிவின் சீலும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள்.

இலவச சிகிச்சை என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டாக்டர்களுக்கான 2002 நன்னடத்தை விதிகள்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். உள்நோயாளி ஆவணத்தை வைத்திருக்க வேண்டிய காலம் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 வருடம்தான். தள்ளிப் போடாதீர்கள்.

பத்துரூபாய்ஸ்டாம்ப்:
72 மணி நேரம் தாண்டினால் ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். இதிலும் அப்பாவே மனுதாரர். மகன் பெயரில் போட்டால் பிரிவு 8(1)(j)-ஐக் காட்டி, அடுத்தவரின் சொந்தத் தகவல் என்று மறுக்க இடம் கொடுக்கிறீர்கள். "ஏன் தரவில்லை?" என்று கேட்காதீர்கள், ஆவண நகலை மட்டும் கேளுங்கள். கெடு 30 நாள். உயிர் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம், ஆனால் டாக்டர் கடிதம் இணைக்காமல் அது எடுபடுவது கஷ்டம். பதில் இல்லையா, 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குப் பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

கரிசல்காடு:
நேரே நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனால் என்ன?

பத்துரூபாய்ஸ்டாம்ப்:
எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. 1995-இல் வி.பி. சாந்தா வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பதிவுக்கென்று சிறு தொகை வாங்கினாலும் நிலை மாறாது. அதிகாரிகளுக்கு உத்தரவிடக் கோரி ஹைகோர்ட்டில் ரிட் மனு போடலாம், ஆனால் ஒரு நகலுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது.

ரெக்கார்ட்ரூம்:
ஒன்று விட்டுப்போச்சு. பயாப்ஸி என்றீர்களே, ரிசல்ட் பேப்பர் மட்டும் போதாமல் போகலாம். திசுவைத் திரும்பப் பார்க்க மெழுகு பிளாக்கும் (திசுவை மெழுகில் பதித்து வைத்த கட்டி) ஸ்லைடும் (அதிலிருந்து சீவிக் கண்ணாடியில் ஒட்டியது) வேண்டும். அவை பெத்தாலஜி துறையில் இருக்கும், ரெக்கார்ட்ஸ் பிரிவில் தேடினால் கிடைக்காது. தனி மனு எழுதி, ரிப்போர்ட்டில் உள்ள பயாப்ஸி எண்ணைக் குறிப்பிடுங்கள். ஸ்கேனுக்கு ஃபிலிமோடு சிடியும் கேளுங்கள்.