அந்த அணை 14 மீட்டரா, 16 மீட்டரா?

மதகடி:
நேற்று இன்னொரு இழையில் ஒருவர் எழுதியது: "வயல்களுக்கு நடுவே கிடக்கும் 14 மீட்டர் சிறிய மண் அணையை உயர் அபாய வகையில் போட்டிருக்கிறார்கள். கரையில் ஒரு விரிசல்கூட இல்லை. சும்மா பீதி கிளப்புகிறார்கள்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. முதலில் அது 14 இல்லை, 16. ஆற்றுமட்டத்திலிருந்து நாடா பிடித்தால் 14 வரும். அணையின் உயரத்தை அடித்தளத்தின் ஆகத் தாழ்ந்த இடத்திலிருந்து கரை உச்சிவரை எடுக்க வேண்டும். பெரிய அணைகளுக்கான பன்னாட்டு ஆணையம் அப்படித்தான் சொல்கிறது. 15 மீட்டரைத் தொட்டாலே பெரிய அணை. அதைப் போய் சிற்றணை என்கிறார்!

கரைமேட்டான்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். வரைபடத்தில் 14 என்று இருக்கிறது, ஆகவே 14. தரைக்குக் கீழே புதைந்திருப்பதையும் கூட்டுவதென்றால் பனைமரத்தை வேரோடு பிடுங்கித்தான் அளக்க வேண்டும்.

மதகடி:
பனையின் வேர் தண்ணீரைத் தேக்குவதில்லை சார். அணைக்கு அடியில் வெட்டிக் களிமண் நிரப்பிய அகழி தேக்குகிறது. அது இல்லாவிட்டால் தண்ணீர் அடிவழியாகவே போய்விடும். எனவே 16.

பழையகணக்கு:
குறுகலான அகழியை உயரத்தில் சேர்க்காத வழக்கமும் உண்டு ஐயா. பொதுவான அடித்தள மட்டம்தான் கணக்கு.

மதகடி:
நான் அகழி என்று எங்கே சொன்னேன்? அடித்தளம் என்றேன்.

பழையகணக்கு:
மூன்று வரி மேலே போய்ப் பாருங்கள். போன மழைக்காலத்தில் கன அடியையும் கன மீட்டரையும் குழப்பிவிட்டு இதே மாதிரிதான் "நான் எங்கே சொன்னேன்" என்றீர்கள். ஒரு கன மீட்டர் 35 கன அடிக்கும் கொஞ்சம் மேல். அன்றைக்கு உங்கள் கணக்கில் ஏரியே காணாமல் போயிருந்தது.

மதகடி:
அது தட்டச்சுப் பிழை. அன்றிலிருந்து சொல்லிக்காட்டுகிறீர்கள்.

நீரோட்டம்:
இருவருக்கும் ஒன்று சொல்கிறேன். உயர் அபாயம் என்பது கரை எப்படி இருக்கிறது என்பதைக் குறிக்கும் சொல்லே இல்லை. உடைந்தால் கீழே என்ன ஆகும் என்பதைக் குறிப்பது. அமெரிக்க முறையில், உடைந்தால் ஒரே ஒரு உயிர் போகக்கூடும் என்றாலும் உயர் அபாயம்தான். உயிர் போகாது, ஆனால் பாதையோ பாலமோ போகும் என்றால் நடுத்தரம். சேதம் பெரும்பாலும் அணைக்காரரின் நிலத்தோடு முடிந்தால் தாழ்வு. கரையின் நிலைமைக்குத் தனியாக மதிப்பீடு உண்டு. கட்டும்போது கீழே வெறும் வயலாக இருந்து பிறகு வீடுகள் வந்துவிட்டால், அணையில் ஒரு கல்லும் அசையாமலேயே வகை ஏறிவிடும்.

கெல்லி பார்ன்ஸ் அணையைப் பாருங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், சுமார் 12 மீட்டர் மண் கரை, 40 ஏக்கர் ஏரி. 1977 நவம்பர் 6 அதிகாலையில், எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தபோது உடைந்தது. கீழே கல்லூரி வளாகம். 39 பேர் செத்தார்கள்.

கரைமேட்டான்:
நல்ல தகவல். அந்த 12 மீட்டரை எங்கிருந்து அளந்தார்கள்? ஆற்றுமட்டத்திலிருந்துதானே?

மதகடி:
அடித்தளத்திலிருந்துதான் அளந்திருப்பார்கள்.

நீரோட்டம்:
39 பேர் என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் நாடாவைத் தேடுகிறீர்கள்.

பழையகணக்கு:
அதே பன்னாட்டு ஆணையக் கணக்கில், 5 முதல் 15 மீட்டருக்குள் இருந்தாலும் கொள்ளளவு 30 லட்சம் கன மீட்டரைத் தாண்டினால் பெரிய அணைதான். அப்புறம் 14 என்ன, 16 என்ன? கொள்ளளவைச் சொல்லுங்கள்.

கரைமேட்டான்:
கொள்ளளவைப் பற்றி இங்கே யார் பேசினார்கள்? பேச்சு உயரத்தைப் பற்றி. கரை திடமாக இருக்கிறது, அவ்வளவுதான். மேலே முழுக்கப் பெரிய பெரிய மரங்கள், வேர் மண்ணைக் கவ்விப் பிடித்திருக்கிறது. அடியில் லேசாகத் தண்ணீர் ஊறுகிறது, எல்லா மண் கரையிலும் ஊறுவதுதான்.

மதகடி:
மரமா! மண் அணையில் மரத்தை வளரவிட்டுவிட்டுப் பெருமை வேறு. மரம் பட்டுப்போனால் வேர் மக்கும், வேர் இருந்த இடம் தண்ணீருக்குக் குழாய். காற்றில் சாய்ந்தால் கரையில் பாதி பெயர்ந்து வரும். ஊறுவதைப் பற்றியும் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் அந்தத் தண்ணீரைப் பிடித்து அசையாமல் வையுங்கள். அடியில் மண் படிகிறதென்றால் கரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது. தெளிவாக இருந்தாலும் நிம்மதி வேண்டாம், நாளுக்கு நாள் கூடுகிறதா என்று குறித்துவைக்க வேண்டும். உபரிநீர் வெளியேறும் கலிங்கையும் பாருங்கள். அமெரிக்காவில் ஜான்ஸ்டவுன் என்ற ஊருக்கு மேலே இருந்த சவுத் ஃபோர்க் அணையில், மீன் தப்பிவிடக் கூடாதென்று உபரிநீர் வழியில் கம்பித் தடுப்பு வைத்திருந்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் குப்பை வந்து அதை அடைத்துக்கொண்டது, தண்ணீர் கரைமேல் ஏறியது. 2,209 பேர் செத்தார்கள். மீனுக்காக!

கரைமேட்டான்:
அது 22 மீட்டர் அணை. நம்முடையது 14.

மதகடி:
16!

நீரோட்டம்:
குவளையைப் பற்றி அவர் சொன்னது சரி. அதையாவது செய்து பாருங்களேன்.

கரைமேட்டான்:
இழையைத் தொடங்கியவர் குவளையைப் பற்றியா தொடங்கினார்? என்னைப் பொய்யன் என்று தொடங்கினார்.

மதகடி:
பொய்யன் என்று சொல்லவில்லை. அளக்கத் தெரியாதவர் என்றேன்.

பழையகணக்கு:
அதையும் சொல்லவில்லை. நினைத்திருப்பீர்கள்.

கரைமேட்டான்:
சரி, ஞாயிற்றுக்கிழமை நாடாவோடு போகிறேன். 14 வந்தால் இங்கே படம் போடுவேன், எல்லாரும் பார்க்கட்டும்.

மதகடி:
நாடாவின் கீழ்முனையை எங்கே வைப்பீர்கள்? அதை எழுதிவிட்டுப் போங்கள்.