தோள்பட்டையில சிப் இருக்குதுன்னு பயம்: எப்படிச் சோதிக்கிறதுங்க?

கோபி_வாய்க்கால்:
வணக்கமுங்க. எங்க சித்தப்பாவுக்கு 58 வயசு. தடுப்பூசி போட்ட எடத்துல நானோ சிப் இருக்குது, யாரோ கண்காணிக்கறாங்கன்னு மூணு மாசமா சொல்றாருங்க. ஆன்லைன்ல வாங்குன சிக்னல் டிடெக்டரைத் தோள்கிட்ட வச்சா கத்துது. அஞ்சு ரூவாக் காசும் ஒட்டுதுங்கறாரு. இல்லைன்னு எப்படி உறுதி பண்றதுங்க?

காந்திபுரம்_சர்வீஸ்:
அந்த டிடெக்டரை ஒரு பூசணிக்காய்கிட்ட கொண்டுபோய்ப் பாருங்க, அங்கயும் கத்தும். அந்த மலிவுக் கருவிக்கு எந்த அலைவரிசைன்னு பிரிக்கத் தெரியாது. செல்போன், வைஃபை ரூட்டர், டவர் எல்லாம் அதுக்கு ஒண்ணுதான். சட்டைப் பையில போன் இருந்தா தோள்கிட்டக் கத்தாம என்ன பண்ணும்?

எங்க இருக்காருன்னு கண்காணிக்கணும்னா ஜிபிஎஸ் வேணும். அதோட செயற்கைக்கோள் சுமார் 20,200 கி.மீ. மேல சுத்துது. ஜிபிஎஸ் வெறுமனே கேக்கற கருவிதானுங்க, பேசாது. கேட்டுக் கண்டுபிடிச்ச எடத்தை இன்னொருத்தருக்குச் சொல்ல, போன்ல இருக்கற மாதிரி தனியா ஒரு டிரான்ஸ்மிட்டர் வேணும். கேக்கறதுக்கே 25-30 மில்லிஆம்பியர் இழுக்கும். சிஆர்2032 பட்டன் செல் சுமார் 225 மில்லிஆம்பியர்-மணி, அதாவது எட்டு, ஒம்பது மணி நேரம். நிஜத்துல அந்தச் செல் அவ்வளவு கரண்டை ஒரே மூச்சாத் தராது. இதயத்துக்கு வைக்கிற பேஸ்மேக்கர் வருசக்கணக்கா ஓடறது, அது மைக்ரோஆம்பியர் (மில்லிஆம்பியர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கணக்குல சாப்பிடறதால.

'நானோ'ன்னு சொன்னா ஆன்டெனா எங்க? ஜிபிஎஸ் அலையோட நீளமே 19 செ.மீ., அதைப் பிடிக்கிற ஆன்டெனா நானோ அளவுல அடங்காது. ஊசியும் பாருங்க, தடுப்பூசி போடற 23 கேஜ் ஊசியோட (கேஜ்ங்கறது தடிமன் அளவு, எண் கூடக்கூட ஊசி மெலிசு) ஓட்டை சுமார் 0.34 மி.மீ. ராகி கூட நுழையாது. இங்க பெரும்பாலோருக்குப் போட்டது கோவிஷீல்டும் கோவேக்சினும். வெளிநாட்டு எம்ஆர்என்ஏ ஊசியில இருக்கற நானோ துகள் 100 நானோமீட்டர் அளவுக் கொழுப்பு உருண்டை, இந்த ரெண்டுலயும் அதுவும் கிடையாது.

காசு ஒட்டறது வேர்வைப் பிசுக்கு. தோளைத் துடைச்சு முகப் பவுடர் பூசிட்டு வச்சா விழுந்துரும். காந்தமா இருந்தா பவுடர் பூசினாலும் பிடிச்சுக்கணுமில்ல?

காங்கயம்_கால்நடை:
நெசமாவே உடம்புக்குள்ள வைக்கிற சிப் எப்படி இருக்கும்னு சொல்றனுங்க. நாய்க்குப் போடறது 12 மி.மீ. நீளம், 2 மி.மீ. தடிமன் உள்ள கண்ணாடிக் குப்பி. 12 கேஜ் ஊசி வேணும், தடுப்பூசி ஊசியோட சேர்த்துப் பார்த்தா ஆணி மாதிரி. பேட்டரி இல்ல. சிப்பைப் படிக்கிற 134.2 கிலோஹெர்ட்ஸ் ரீடர் கருவியைப் பக்கத்துல கொண்டுபோனா 15 இலக்க எண் மட்டும் வரும். எடம் சொல்லாது. மாட்டுக் காதுல தொங்கற மஞ்சள் தோடு வெறும் அச்சடிச்ச 12 இலக்க எண்தான்.

மனுசனுக்குன்னு வெரிசிப்னு ஒண்ணு 2004ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு, 2010ல விற்பனையே நின்னுபோச்சு. அதுவும் எண் சொல்றதுதான்.

ரீடர்ல பாக்கறதா இருந்தா சட்டையைக் கழட்டி, இரும்புக் கட்டில்ல இருந்து தள்ளி, மெதுவா நெடுக்கயும் குறுக்கயும் ரெண்டு தடவை ஓட்டணும். சிப்புக்குள்ள இருக்கற கம்பிச் சுருள் எந்தப் பக்கம் பாத்திருக்குதோ, ஒரே வாக்குல ஓட்டினா தப்பிரும்.

கோபி_வாய்க்கால்:
ரொம்ப நன்றிங்க. எக்ஸ்-ரே எடுத்துக் காட்டினா நம்புவாருங்களா?

பெருந்துறை_நர்ஸ்:
எக்ஸ்-ரேயில கண்ணாடிக் குப்பி, செம்புச் சுருள் பளிச்சுன்னு தெரியும். ஒருக்கா எடுக்கலாம். ரெண்டாவது தடவை வேண்டாங்க, "எக்ஸ்-ரேக்குத் தெரியாத சிப்"னு கதை மாறிரும். மேல சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனா மூணு மாசமா உறுதியா நம்பறவருகிட்ட வாதாடினா அவரு உங்களையும் அந்தக் கூட்டத்துல சேர்த்துருவாரு. "சிப்பை எடுத்தாச்சு"ன்னு நடிக்கிறது அதை விட மோசம், இருந்துச்சுன்னு நாமளே சாட்சி சொன்ன மாதிரி ஆயிரும். "பயமா இருக்குதுங்களா, தூக்கம் வருதுங்களா"ன்னு கேளுங்க. ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கறாரு, குடிப் பழக்கம் இருக்குதா, ஸ்டீராய்டு மாதிரி புது மாத்திரை ஏதாச்சும் ஆரம்பிச்சாரான்னு எழுதி வைங்க. அம்பது வயசுக்கு மேல புதுசா வர்ற இந்த மாதிரி நம்பிக்கைக்கு உடம்புக் காரணமும் இருக்கலாம். டாக்டருங்க ரத்தத்துல தைராய்டு, பி12, சர்க்கரை, சோடியம் பாக்கச் சொல்வாங்க. தூக்கமில்லைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனா வருவாரு, மனநல டாக்டர்னு சொன்னா வரமாட்டாரு.

14416 டெலி மனஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம், இருபத்திநாலு மணி நேரமும் இலவசம். அவரு பேசலைன்னா நீங்க பேசுங்க.

பிளேடு, கத்தியெல்லாம் அக்கட்டால எடுத்து வச்சிருங்க. சிப்பைத் தோண்டறேன்னு கையைக் கிழிச்சுக்கறது நடக்கும். நானோவைக் கழுவி எடுக்கற மருந்துன்னு இடிடிஏங்கற ரசாயனத்தை விக்கறாங்க, அதுல ஒரு வகை ரத்தத்துல கால்சியத்தை இறக்கி உசுருக்கே ஆபத்தாகும்.

காந்திபுரம்_சர்வீஸ்:
அவரு போனையும் பாத்துருங்க. கூகுள் மேப்ஸ்ல லொக்கேஷன் ஷேரிங் யாருக்காச்சும் ஓடிட்டு இருந்தா நிறுத்துங்க. எடத்தைக் காட்டிக்குடுக்கறது பெரும்பாலும் அதுதானுங்க.