கணினி அறிவியலா, சைபர் பாதுகாப்பா? உங்களை இன்னும் உறுத்தும் ஒரு சம்பவம் இருந்தால் எழுதுங்கள்

அரைப்புள்ளி

நான் சைபர் பாதுகாப்புப் பட்டம் படித்தவள். எந்தப் பட்டம் உசத்தி என்று பட்டிமன்றம் நடத்த இதை எழுதவில்லை. நான்கு மாதமாக ஒரே காட்சி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்காவது இறக்கிவைக்க வேண்டும்.

நேர்காணலில் இரண்டாவது சுற்று. எதிரே ஒருவர் மட்டும். கணினி கிடையாது. ஒரு தாள், பென்சில், ரப்பர். தாளில் சி மொழியில் பன்னிரண்டு வரி நிரல். "ஓட்டை எங்கே?" என்றார். ஏழாம் வரியில் ஸ்ட்ர்காப்பி என்ற செயற்கூறு இருந்தது. பார்த்த மாத்திரத்தில் விரல் வைத்துவிட்டேன். நீளத்தைப் பார்க்காமல் நகலெடுக்கிறது, உள்ளீட்டுக்கு ஒதுக்கிய இடமான பஃபர் நிரம்பி வழியும், செயற்கூறு முடிந்ததும் நிரல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் திரும்பும் முகவரியை அழித்து நம் முகவரியை எழுதிவிடலாம் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். ஆய்வகத்தில் எத்தனை முறை செய்திருக்கிறேன்! அவர் தலையசைத்துவிட்டு, "சரி, ஸ்டேக்கை வரையுங்கள்" என்றார்.

வரைந்தேன். ஸ்டேக் என்றால் செயற்கூறு ஓடும்போது தன் தற்காலிகத் தரவை வைக்கும் நினைவகப் பகுதி. மேலே பெரிய முகவரிகள், கீழே சிறியவை. மேலே திரும்பும் முகவரிக்கு ஒரு பெட்டி, அதற்குக் கீழே பஃபர். உள்ளீடு நிரம்பும் திசையைக் காட்ட ஓர் அம்பு, மேலிருந்து கீழே. தாளில் நாம் எழுதுவது அப்படித்தானே, கை பழக்கத்தில் போய்விட்டது.

"உங்கள் அம்பு போகும் பக்கத்தில் திரும்பும் முகவரி இல்லையே. எதை அழிப்பீர்கள்?"

பார்த்தேன். இல்லைதான். ஸ்டேக் கீழ்நோக்கி வளர்கிறது, பஃபருக்குள் எழுத்துகள் மேல்நோக்கி நிரம்புகின்றன, இரண்டும் எதிரெதிராகப் போவதால்தான் இந்தத் தாக்குதலே நடக்கிறது. படித்திருக்கிறேன். அந்த நிமிடம் நாக்கு எழவில்லை. அவர் ரப்பரை எடுத்து அம்பின் முனையை மட்டும் அழித்தார். கோட்டைத் தொடவில்லை. மறுகோடியில் முனையை வரைந்தார். பிறகு, "எந்தப் பட்டம் என்று சொன்னீர்கள்?" சொன்னேன். "ஓ" என்றார்.

வேலை கிடைக்கவில்லை, அது போகட்டும். அந்த "ஓ"வைத்தான் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இரவுப்பணி

எனக்கு இதே கதை மறுபக்கமாக நடந்தது. நான் கணினி அறிவியல்.

கண்காணிப்பு மையத்தில் சேர்ந்த முதல் வாரம், இரவு ஷிப்ட். ஒரு கணக்கு உள்ளே நுழைந்ததாக சர்வர் பதிவு சொல்கிறது. அதே கணக்கிலிருந்து கோப்புகள் வெளியே போனதாக ஃபயர்வால் பதிவு சொல்கிறது. ஆனால் கோப்புகள் போனது முதலில், ஆள் நுழைந்தது இரண்டு மணி நேரம் கழித்து! நுழையும் முன்பே எடுத்திருக்கிறான் என்றால் வேறொரு வாசல் திறந்திருக்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒன்றரைப் பக்கம் அறிக்கை எழுதினேன்.

ஷிப்ட் பொறுப்பாளர் பட்டமே இல்லாதவர். பயனர் உதவிப் பிரிவில் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்து மேலே வந்தவர். முதல் பத்தியோடு நிறுத்திவிட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி என் விசைப்பலகைமேல் வைத்தார். "மணி என்ன?" சொன்னேன். "எந்த ஊர் மணி?"

சர்வர் உள்ளூர் நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தது, ஃபயர்வால் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில். இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்ததும் நுழைந்தவன் ஒழுங்காக முன்னால் வந்து நின்றான், கோப்புகள் பின்னால் போயின. இரண்டாவது வாசல் என் கற்பனை.

இதில் உறுத்துவது எது தெரியுமா? பல கணினிகள் சேர்ந்த அமைப்பில் எது முன், எது பின் என்று கடிகாரத்தை நம்பிச் சொல்ல முடியாது என்று லெஸ்லி லாம்போர்ட் 1978இல் எழுதிய கட்டுரையைப் பற்றித் தேர்வில் நான்கு பக்கம் எழுதியவன் நான்.

பழையகோப்பு

அரைப்புள்ளி, அந்த "ஓ"வுக்கு நீங்கள் ஏற்றிவைக்கும் பொருள் அதில் இருந்திருக்காது. நேர்காணல் நடத்துகிறவர்கள் நாள் முழுக்க "ஓ" போடுகிறவர்கள். நானும் போட்டிருக்கிறேன், பசியில்.

என் கதை சின்னது. எனக்குக் கீழே புதிதாக வந்தவர் ஒருவர், ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனர் மென்பொருள் கக்கிய நாற்பது சிவப்பு வரிகளையும் அப்படியே அறிக்கையில் ஒட்டிக் கொடுத்தார். "இதில் எது நிஜம்?" என்றேன். "எல்லாமே அது சொன்னதுதான் சார்" என்றார். அவ்வளவுதான். அந்த முகத்தில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை, அதுதான் மறக்கவில்லை.

இனி, சேரப்போகும் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். பட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தை எடுத்துவைத்துப் படியுங்கள். இயங்குதளம், கணினி வலையமைப்பு, தரவுக் கட்டமைப்பு, தனிநிலைக் கணிதம் (டிஸ்கிரீட் மேத்ஸ்), ஏதாவது ஒரு கீழ்நிலை மொழி, இந்த ஐந்தும் முழுப் பாடங்களாக இருக்கின்றனவா? இருந்தால் சைபர் பட்டத்திலும் தாராளமாகச் சேரலாம். இவற்றையெல்லாம் "அறிமுகம்" என்று ஒரே பருவத்தில் அடைத்துவிட்டு மீதி மூன்று வருடமும் கொள்கை, சட்டம், கருவிப் பயிற்சி என்று ஓட்டினால் கொஞ்சம் யோசியுங்கள். கருவி ஐந்து வருடத்தில் மாறிவிடும்.

ஓட்டைகள் மாறுவதில்லை. 1988 நவம்பரில் மோரிஸ் புழு என்ற தானாகப் பரவும் நிரல் பரவியபோது அது நுழைந்த வழிகளில் ஒன்று, ஃபிங்கர் சேவை கெட்ஸ் என்ற செயற்கூறால் நீளம் பார்க்காமல் உள்ளீட்டை வாங்கியது. கெட்ஸைச் சி மொழியின் தரநிலையிலிருந்து தூக்கியது 2011இல்! 2014இல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை. அனுப்பியவன் சொன்ன நீளத்தை, இணையத் தொடர்பைக் குறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருள் சரிபார்க்காமல் நம்பி, ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை நினைவகத்தை வாரிக் கொடுத்தது. இருபத்தாறு வருட இடைவெளி, அதே அலட்சியம். அடிப்படை தெரிந்தவனுக்கு இரண்டும் ஒரே கதை. கருவி மட்டும் தெரிந்தவனுக்கு இரண்டு தனித்தனிச் செய்திகள்.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரல் நூலகத்துக்குள் ஒளித்துவைத்த பின்வாசலைப் பிடித்தது யார்? ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட். போஸ்ட்கிரெஸ் தரவுதளத்தில் வேலை செய்யும் நிரலாளர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு சுமார் அரை விநாடி பிந்துகிறதே என்று தோண்டிப் பார்த்தவர். பாதுகாப்பு அவருடைய துறையே அல்ல.

சான்றிதழ் பற்றியும் ஒரு வார்த்தை. சிஐஎஸ்எஸ்பி என்ற பாதுகாப்புச் சான்றிதழ், பட்டத்துக்கு மாற்று என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்கு ஐந்து வருடப் பணி அனுபவம் கேட்கிறார்கள். நான்கு வருடப் பட்டம் இருந்தால் அதில் ஒரு வருடம் குறையும், அவ்வளவே. ஆகவே முதலில் பட்டம், பிறகு வேலை, பிறகுதான் அது. வரிசையை மாற்றாதீர்கள்.

நினைவகப்படி

யாரும் கேட்காத ஆலோசனைக்கு நன்றி. ஃப்ராயிண்டை வைத்து வாதம் செய்வது, லாட்டரி விழுந்தவரைக் காட்டிச் சேமிப்பு பற்றிப் பாடம் எடுப்பது மாதிரி. அரை விநாடியைக் கவனிக்காமல் போன நிரலாளர்கள் எத்தனை ஆயிரம் பேர்? அவர்களும் கணினி அறிவியல்தான் படித்திருப்பார்கள்.

2017 மே 12, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வானாக்ரை. அது பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே திருத்தம் வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதம் போடாமல் விட்டார்கள். எந்தக் கணினி எங்கே இருக்கிறது, எதில் என்ன ஓடுகிறது என்ற பட்டியல்கூட இல்லாத இடங்கள் அவை. அந்தப் பட்டியலை எழுதச் சொல்லித் தருவது சலிப்பான பாடம், ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் "கொள்கை, சட்டம்" என்று ஓரம் தள்ளினீர்களே, அதே பாடம்.

எனக்கு நடந்தது. ஓர் இடத்தில் கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன, வேறொரு நிரல்தான், வானாக்ரை இல்லை. தொலைபேசியிலேயே கெஞ்சினேன்: எதையும் அணைக்காதீர்கள், வலைக் கம்பியை மட்டும் பிடுங்குங்கள், வருகிறேன். போய்ச் சேர்ந்தபோது அங்கிருந்த மூத்த நிரலாளர், நல்ல மனிதர், உற்சாகமாக எதிரே வந்து, "ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன்" என்றார். அவருடைய ஆள்காட்டி விரல் அப்போதும் சர்வரின் பொத்தான் பக்கத்திலேயே இருந்தது.

வானாக்ரை சமயத்தில் ஏட்ரியன் கினே என்ற ஆய்வாளர், பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் சாவி செய்யப் பயன்பட்ட பகா எண்கள் நினைவகத்தில் மிச்சமிருப்பதைக் கண்டு ஒரு நிரல் எழுதினார். பாதிக்கப்பட்ட கணினியை மறுதொடக்கம் செய்யாமல் வைத்திருந்தால் மட்டுமே அது உதவும். எங்களுக்கும் ஏதாவது மிச்சமிருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். அந்த விரலால் இனி எப்போதும் தெரியாது.

பழையகோப்பு

அணைக்காதே என்று சொல்ல நான்கு வருடப் பட்டம் எதற்கு?

நினைவகப்படி

ஏன் அணைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய பாடம் உங்கள் ஐந்தில் முதலாவது. இயங்குதளம். அவர் அதில் முதல் மதிப்பெண் வாங்கியவராம், பிறகு காபி குடிக்கும்போது அவரே சொன்னார்.

இடம்மாறியவன்

சண்டைக்கு நடுவே சின்னதாக ஒன்று. நான் சைபர் பாதுகாப்பில் சேர்ந்ததற்கு ஒரே காரணம் கணிதத்துக்குப் பயந்தது. கணினி அறிவியல் என்றால் கணக்கு, சைபர் என்றால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து என்று நினைத்திருந்தேன். மூன்றாம் பருவம், குறியாக்க வகுப்பு. ஆசிரியை உள்ளே வந்து வணக்கம்கூடச் சொல்லாமல் பலகையில் 3233 என்று எழுதினார். "இது எந்த இரண்டு பகா எண்களின் பெருக்கல்?" வகுப்பே குனிந்து வகுத்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் கழித்து ஒருத்தி 61, 53 என்றாள். "இதற்கே பத்து நிமிடம். அறுநூறு இலக்கம் என்றால்?" என்று கேட்டுவிட்டு ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையைத் தொடங்கினார்.

ஓடி ஒளிந்த வீட்டுக்குள்ளேயே அது உட்கார்ந்திருந்தது. அடுத்த வருடம் கணினி அறிவியலுக்கு மாறிவிட்டேன். மாற்றப் படிவத்தில் "காரணம்" என்று மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள். "3233" என்று மட்டும் எழுதினேன். அலுவலகத்தில் அது என் பதிவு எண் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நீலத்திரை

2024 ஜூலை 19. எல்லோருக்கும் தெரிந்த நாள்தான், விளக்கவில்லை. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியது கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் புதுப்பிப்பு. 20 உள்ளீடுகள் மட்டுமே இருந்த இடத்தில் இருபத்தோராவதைப் படிக்கப் போய் விழுந்தது. பழையகோப்பு சொன்ன எல்லை பார்க்காத கதையேதான். இந்த முறை காவல்காரனே செய்தான் என்பது மட்டும் வித்தியாசம்.

அன்று நாங்கள் இரண்டு பேர் ஒரே மேசையில். நான் கணினி அறிவியல், அவள் சைபர். ஒவ்வொரு கணினியையும் பாதுகாப்புப் பயன்முறையில் (சேஃப் மோட்) திறந்து ஒரு கோப்பை நீக்க வேண்டும். வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் முதலில் மீட்புச் சாவி, 48 இலக்கம். தொலைபேசியில் வாசிக்க வேண்டும். நான் ஆறு ஆறாக வாசிப்பேன், மறுமுனையில் திருப்பிச் சொல்வார்கள். மதியத்துக்குமேல் ஒரு பெண், முப்பத்தாறாவது இலக்கத்தில் திடீரென்று நின்றார். அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். "மன்னிக்கவும், தும்மல் வந்தது. முதலிலிருந்து சொல்கிறீர்களா?" என்றார்.

எதிரே அவள் ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தேவைப்பட்டது ஆறு வரை எண்ணத் தெரிவது.

அரைப்புள்ளி

எல்லோருக்கும் நன்றி. பழையகோப்பு, நீங்கள் சொன்ன ஐந்தில் நான்கு எங்களுக்கு முழுப் பாடங்களாகவே இருந்தன. அம்பு தப்பாகப் போனதற்குப் பாடத்திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. பசியாக இருக்கலாம் என்பது மட்டும் எனக்குத் தோன்றாத கோணம். மதியம் ஒன்றே கால் ஆகியிருந்தது.

அந்தத் தாளை அன்று கையோடு எடுத்துவந்துவிட்டேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரப்பர் தேய்த்த இடத்தில் பழைய முனையின் தடம் இன்னும் லேசாகத் தெரிகிறது. தள்ளிப் பிடித்துப் பார்த்தால் அம்புக்கு இரண்டு பக்கமும் முனை இருக்கிறது.

இரவுப்பணி அண்ணா, அந்தக் கைக்கடிகாரத்தை அவர் திரும்ப எடுத்துக்கொண்டாரா?

இரவுப்பணி

விடியும்வரை விசைப்பலகைமேலேயே இருந்தது, எடுக்கச் சொல்லப் பயம். ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது கேட்டுக் கட்டிக்கொண்டார். அது நான்கு நிமிடம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்லவில்லை.