மூளை ஸ்கான், பாரிசவாதம்: ஒரு ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலை எப்படி வாசிப்பது?

வடலி:
வணக்கம். யாழ். மருத்துவபீடத்தில் படிக்கிறேன். வெளிநாட்டில் பாரிசவாத எம்.ஆர்.ஐ. ஆய்வு செய்கிற பேராசிரியர் ஒருவரிடம் மேற்பார்வை கேட்டு எழுதப்போகிறேன். எங்கட ஊர்க்காரர். பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் பெயரைப் போட்டால் பல் வைத்தியம், நெல் ஆய்வு எல்லாம் சேர்ந்து வருகுது. கூகுள் ஸ்கொலரில் தொகை இன்னும் கூட. அவருடையவை எவை, எழுத முன்னம் எதை வாசிக்க வேணும்?

பூவரசு:
சிக்கல் பெயரில்தான். நாங்கள் அப்பாவின் பெயரை முன்னுக்குப் போடுவதால் சஞ்சிகைகள் கடைசியில் வரும் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராக எடுக்கும். அதே ஆள் வெளிநாட்டில் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக வைத்து எழுதினால் பட்டியல் இரண்டாக உடையும். பப்மெட்டின் அட்வான்ஸ்ட் பக்கத்தில், ஆதர் என்ற பெட்டியில் இரண்டு வடிவத்தையும் 'ஓர்' (OR) போட்டுச் சேருங்கோ. பிறகு 'அண்ட்' (AND) போட்டு ஸ்ட்ரோக் என்று கொடுங்கோ. முழுப்பெயரால் தேடுவது 2002இலிருந்து வந்த கட்டுரைகளுக்குத்தான் சரிவரும். அதற்கு முந்தியவற்றுக்கு முதலெழுத்துத்தான் வழி.

பல்கலைக்கழகப் பெயரால் வடிகட்டும்போது கவனம். 2014க்கு முன் பப்மெட் பெரும்பாலும் முதல் ஆசிரியரின் நிறுவனத்தை மட்டுமே பதிந்தது. ஆள் நடுவில் நிற்கும் பழைய கட்டுரைகள் வடிகட்டியில் கழன்றுபோகும்.

ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஓர்கிட் எண் இருந்தால் அதிலிருந்து தொடங்குவது நல்லது, பழையவற்றை அவர் சேர்க்காமல் விட்டிருக்கக்கூடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு. ஸ்கொலர் மாநாட்டுச் சுருக்கங்களையும் எண்ணும், அதுதான் தொகை கூட. இலங்கைச் சஞ்சிகைகள் பல பப்மெட்டில் இல்லை. அவற்றை ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைனில் தேடுங்கோ.

பண்ணைக்கடல்:
பூவரசு சொன்னபடி பிரித்தெடுத்த பிறகு, பெயர் எங்கே நிற்குது என்று பாருங்கோ. மருத்துவத்தில் முதல் பெயர் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் குழுவை நடத்துபவர். எச்-இன்டெக்ஸ் 40 என்றால் 40 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 40 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்டிருக்குது என்பது மட்டும்தான். அவர் அவற்றில் என்ன செய்தார் என்பது அதில் தெரியாது. நடுவில் நிற்கிறவர் ஸ்கான் வாசித்தாரா, நோயாளிகளைச் சேர்த்தாரா என்பதைக் கட்டுரை முடிவில் உள்ள ஆசிரியர் பங்களிப்புப் பகுதியில் பாருங்கோ.

அடுத்தது வருடம். இதை ஆக்கள் கவனிப்பதேயில்லை. 1995இல் வந்த நிண்ட்ஸ் ஆய்வில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நேர எல்லை 3 மணித்தியாலம், சி.ரி. எடுத்தது குருதிக்கசிவு இல்லை என்று உறுதிப்படுத்த. 2008இல் ஈகாஸ் 3 அதை 4.5 ஆக்கியது. 2013இல், இரத்தக்குழாய்க்குள் நுழைந்து செய்யும் சிகிச்சையைச் சோதித்த ஐ.எம்.எஸ். 3 பயன் காட்டாமல் போனதற்கு ஒரு காரணம், பெரிய இரத்தக்குழாய் அடைபட்டிருக்குதா என்பதை எல்லாரிலும் படத்தில் பார்த்துவிட்டுச் சேர்க்காதது. 2018இல் அதே வகைச் சிகிச்சையில் டோன் ஆய்வு 24 மணித்தியாலம் வரையும் 'டிஃபியூஸ் 3' ஆய்வு 16 மணித்தியாலம் வரையும் போனது, காப்பாற்றக்கூடிய திசு இருக்குதா என்று படத்தின் உதவியோடு பார்த்துத் தெரிவுசெய்ததால். டிஃபியூஸ் 3இன் அளவு: இறந்த பகுதி 70 மில்லிலீற்றருக்குக் குறைவு, இரத்தம் குறைந்த பகுதி அதைப்போல 1.8 மடங்கு அல்லது மேல், காப்பாற்றக்கூடியது 15 மில்லிலீற்றராவது. உங்கட பேராசிரியர் படத்தைப் பார்த்து நோயாளியைத் தெரிவுசெய்யும் இந்தக் கேள்வியில் 2018க்கு முன்னமே வேலை செய்தாரா, பிறகு வந்து சேர்ந்தாரா என்று பாருங்கோ. அதில்தான் ஆளின் சொந்தச் சிந்தனை தெரியும்.

முறைமைப் பகுதியில்: நோய் தொடங்கி எத்தனை மணித்தியாலத்தில் ஸ்கான், ஸ்கானரின் காந்த வலிமை 1.5 டெஸ்லாவா 3ஆ, எத்தனை பேர் வாசித்தார்கள், நோயாளியின் விபரம் தெரியாமல் வாசித்தார்களா, தலை அசைந்து பழுதான படங்களை என்ன செய்தார்கள். அவற்றைச் சொல்லாமல் நீக்கினால் முடிவு அழகாக வரும், ஏனென்றால் அமைதியாகப் படுக்க முடியாதவர்களில் கடும் நோயாளிகள் கூட. புதிய அடைப்பைக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகையான டிஃப்யூஷன் படம் மூளைத்தண்டின் சிறு அடைப்பை முதல் நாளில் தவறவிடலாம். அதைப் பேசாத கட்டுரையை நான் நம்பமாட்டேன்.

வடலி:
நன்றி இருவருக்கும். எத்தனை வாசித்தால் போதும்?

பூவரசு:
மூன்று. அவர் முதல் பெயராக எழுதிய பழையது, கடைசிப் பெயராக உள்ள மிகப் புதியது, அவருடைய அளவிடும் முறையை விளக்கும் ஒன்று. ஒவ்வொன்றையும் பப்மெட்டில் திறந்து, மீளப்பெறப்பட்டது அல்லது திருத்தப்பட்டது என்ற குறிப்பு இருக்குதா என்றும் பாருங்கோ.

பண்ணைக்கடல்:
கடிதத்தில் புகழ்ச்சி வேண்டாம் தம்பி. இங்கே என்ன தரவு சேர்க்கலாம் என்பதை எழுதுங்கோ: அறிகுறி தொடங்கிய நேரம், வந்து சேர்ந்த நேரம், சாதாரண சி.ரி.யில் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பகுதிக்கும் 10இலிருந்து கழித்துப் போடும் ஆஸ்பெக்ட்ஸ் புள்ளி, 90ஆம் நாள் ரான்கின் நிலை (இயலாமையின் அளவு). ஆஸ்பெக்ட்ஸை இரண்டு பேர் தனித்தனியே போட வேணும், ஒருவர் மட்டும் போட்ட புள்ளியை மதிப்பீட்டாளர்கள் கேள்வி கேட்கக்கூடும். பழைய கோப்புகளிலிருந்து எடுத்தாலும் நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில் வேணும். அதற்கான விண்ணப்பத்தை இப்பவே தொடங்குங்கோ.